களை மீனின் மதிப்பு

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது, கண்மாய்க் கரையின் உட்சரிவில் ஏறிக்கொண்டிருந்த ஒரு விரால். தண்ணீரை விட்டு முழங்கை தூரம் மேலே வந்திருந்தது. செவுளை விரித்து மூடி, உடம்பை வலமும் இடமும் ஒடித்து, இன்னொரு சாண் ஏறியது. அதற்குப் பின்னால் தண்ணீரின் விளிம்பு முழுக்க வெள்ளையாக இருந்தது. நுரை என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் வயிறு. கெண்டை, கெளுத்தி, உளுவை, குரவை என்று எல்லாவற்றின் வயிறும் மேலே பார்த்துக் கிடந்தது. அவற்றுக்கு நடுவே, ஈர்க்குச்சியை ஒடித்து வாரி இறைத்ததுபோல், கண்ணுக்கு எட்டிய மட்டும் அயிரை.

கரையின் மேல் ஊரே நின்றது. ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இவ்வளவு மீனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஜனம் கூச்சல் போடாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

அந்த மீன்களைக் கொன்றவர்கள் நாங்கள், மீன்வளத் துறையினர். மீன் உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கொன்றோம்.

போன மாதம் துறையின் இளம் அதிகாரிகள் இருவர் அவனியாபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். மலர் ஒன்று போடுகிறார்களாம். "உங்க காலத்து அனுபவம் ஒண்ணு எழுதித் தாங்க சார், புதுசா வர்ற பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார்கள். நாட்டு மீன் இனங்களைக் காப்பாற்றுவதற்குத் துறையில் இப்போது ஒரு திட்டம் இருக்கிறதாம். அயிரைக்கும் அதில் இடம் உண்டாம். இதைச் சொல்லும்போது இருவரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சரி என்று ஒத்துக்கொண்டேன். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

துறைக்கு வருமுன் மதுரையில் ஒரு தினசரியில் முதலில் பிழை திருத்தினேன், பிறகு நிருபராக அலைந்தேன். யார் இருந்தார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று அங்கே பழக்கினார்கள். சம்பளம் ஒழுங்காக வராததால் அரசுத் தேர்வு எழுதி மீன்வளத் துறையில் சார் ஆய்வாளர் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலை முடிச்சுப் போடவும், கடல் மீனை ஐஸில் அடுக்கவும், குளத்தின் பரப்பை அளக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். குளத்து மீன்களை மூன்றாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதினார்கள். வளர்க்கத் தக்கவை கட்லா, ரோகு, மிர்கால். அவற்றைத் தின்றுவிடக்கூடியவை விரால், வாளை. இரண்டிலும் சேராத சிறுசுகள் எல்லாம் களை மீன். வயலில் களை எப்படியோ குளத்தில் அவை அப்படி, ஒழித்துவிட வேண்டும். களை மீன் வரிசையில் அயிரை இருந்தது.

வகுப்பில் மதுரைக்காரர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவன் எழுந்து, "சார், எங்க பக்கம் மாப்பிள்ளை விருந்துல அயிரை இல்லைன்னா பொண்ணு வீட்டைக் கேவலமாப் பேசுவாய்ங்க" என்றான். ஆசிரியர் பலகையைத் துடைத்துக்கொண்டே, "பரீட்சையில அதை எழுதிராதே" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அயிரை சுண்டுவிரல் நீளம்கூட இராது. உயிரோடு இருந்தால்தான் மதுரையில் அது மீன். செத்ததை யாரும் தொடமாட்டார்கள். அதனால் தண்ணீரோடு பானையில் கொண்டுவந்து, உழக்கால் அள்ளி விற்பார்கள். வீட்டில் பால் கலந்த தண்ணீரில் விட்டு, அது விழுங்கிய மண்ணைக் கக்கவைத்து, சட்டியில் உப்புப் போட்டு உரசி, புளிக்குழம்பு வைப்பார்கள். கண்மாய் மீனில் அதற்கு மேல் விலை போகிற மீன் அப்போதும் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் என் மேலதிகாரியாக இருந்தவர் உதவி இயக்குநர் வைத்தியலிங்கம். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் போவதற்கு முதல் நாளே ஆய்வுக் குறிப்பைச் சொல்லி, தட்டச்சு செய்து, ஜீப்பில் கூடவே எடுத்துவருவார். ஒருமுறை காரணம் கேட்டேன். "ஸ்பாட்டுல போயி நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். மனசு மாறிப் போயிரும்" என்றார். எந்தக் கண்மாய்க்குப் போனாலும் கரையை விட்டு இறங்கமாட்டார். தோல் ஷூ. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழியை ஊன்றி ஆழத்தைச் சொல்ல, அவர் மேலே நின்று, "அவ்வளவு இருக்காதே" என்பார். இருக்காது என்றால் இருக்காது. ஒரு சாண் குறைத்து எழுதிக்கொள்வோம். குளத்து மீன் அவருக்கு ஆகாது. ராமேஸ்வரத்திலிருந்து ஐஸ் லாரி வரும் நாளில் டிரைவரை அனுப்பி சீலா மீன் வாங்கிக்கொள்வார். தன் துறை வளர்க்கிற மீனை அவர் சாப்பிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாவட்டத்தில் ஒரு கண்மாயை மாதிரிக் கண்மாயாக மாற்ற உத்தரவு வந்தது. வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர் தேர்வானது. பெயர் வேண்டாம், அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய மீனை முழுக்க ஒழித்துவிட்டு, மழை வந்ததும் கட்லாக் குஞ்சு விட்டு வளர்த்து, பிடித்து, மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஒழிப்பதற்கு இலுப்பைப் புண்ணாக்கு. அதை ஊறவைத்துத் தண்ணீரில் கலந்தால் மீனுக்குச் செவுள் வேலை செய்யாது.

புண்ணாக்கு வந்திறங்கிய பிறகுதான் ஊரைக் கூட்டினார்கள். பங்குனி மாதம். கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் உதவி இயக்குநர், பஞ்சாயத்துத் தலைவர் ராமசாமி, நான் மூவரும் நாற்காலியில், மற்றவர்கள் தரையில்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஒரு நாள் குறிப்பார்கள். பெரிய மனிதர் ஒருவர் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாக் கூடை, கச்சா வலை, சேலைத் துணி என்று கையில் கிடைத்ததோடு சுற்றுப்பட்டி ஜனம் அத்தனையும் கண்மாயில் இறங்கும். காசு கிடையாது. பிடித்ததை விற்கக் கூடாது; குழம்பு வைத்து உறவுக்குக் கொடுக்க வேண்டும். கண்மாயை அழிப்பது என்று இதற்குப் பெயர். மத்தியானத்துக்குள் சேறும் கொக்கும்தான் மிச்சம்.

உதவி இயக்குநர் திட்டத்தை விளக்கி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அய்யா, எதுக்கு மருந்து கிருந்துன்னு செலவு? இன்னும் கொஞ்ச நாள்ல நாங்களே கண்மாயை அழிச்சிருவோம். ஒரு பொட்டு மீனு இருக்காது. பெறகு உங்க குஞ்சைக் கொண்டாந்து விடுங்க."

"அது முறையான ஒழிப்பு ஆகாது" என்றார் உதவி இயக்குநர்.

"ஏங்கய்யா, தின்னா ஒழியாதா?"

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் என்னிடம் சொன்னார்: "ஊர்க்காரன் புடிச்சுத் தின்னுட்டா, வாங்கின புண்ணாக்கை எங்கே காட்டுறது? மார்ச்சுக்குள்ள தண்ணியில கலந்தாகணும்." புண்ணாக்கு வந்த லாரி பஞ்சாயத்துத் தலைவரின் மச்சினனுடையது. அதனால் கூட்டத்தில் தலைவர், "அரசாங்கம் நமக்கு நல்லதுதான்ப்பா செய்யும்" என்று மூன்று தடவை சொன்னார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பேச்சியம்மாள். அந்தக் கண்மாயில் அயிரை எடுக்கும் பாத்தியதையை ஊரில் ஏலம் எடுத்திருந்தவள். நாற்பது வயதிருக்கும். வாய் பெரியது, ஊரில் பாதி வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. புருஷன் இருந்தான், கணக்கில் சேர்த்தி இல்லை. தினமும் முதல் பஸ்ஸில் இரண்டு அகல வாய்ப் பானையோடு ஏறி, தண்ணீர் தளும்புவதற்குக் கண்டக்டரோடு சண்டை போட்டு, மதுரை மீன் மார்க்கெட்டில் இறங்குவாள். மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு இடம் இருந்தது. இரண்டு பானையும் ஒரு ஆளும் கொள்ளும் இடம்.

"அய்யா, நீங்க மருந்து போடுங்க, நான் வேணாங்கலை. ரெண்டு நாளு விடுங்க. அயிரையை மட்டும் அரிச்சு, மடைக்கு அங்கிட்டுப் பள்ளத்துல விட்டுக்கிறேன். மழை வந்தா அது பெருகிக்கிரும்."

"களை மீனைக் காப்பாத்தி வைக்கிறதுக்குத் திட்டத்துல இடமில்லைம்மா."

"என்ன மீனு?"

"களை மீன். அயிரை களை மீன்."

அவள் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏய்யா, நீங்க மதுரையில இருந்துதான வாரீக?" என்றாள்.

இந்தத் தடவை தலைவரும் சிரித்துவிட்டார். உதவி இயக்குநருக்கு முகம் இறுகியது. "கட்லா வரும்மா. ஒவ்வொண்ணும் இவ்வளவு பெரிசா. அதை வாங்கி விக்கலாம். உனக்கே முதல்ல தரச் சொல்றேன்."

"பெரிய மீனுக்கு அருவாமனை வேணும், கட்டை வேணும், அறுத்துப் போட ஆளு வேணும். நான் பானைக்காரிய்யா. என் எடம் இம்புட்டுக்காணு எடம். ஒரு மாசம் குத்தவைக்காம விட்டா இன்னொருத்தி பானையை வச்சிருவா. பெறகு நான் எந்திரின்னா எந்திரிப்பாளா? நீங்க வந்து எந்திரிக்கச் சொல்லுவீகளா?"

"அதெல்லாம் மார்க்கெட் விஷயம்" என்றார் உதவி இயக்குநர்.

பேச்சியம்மாளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அயிரை மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்று நம்பியவள் அவள். அதை அந்தக் கூட்டத்திலேயே சொன்னாள். உதவி இயக்குநர் அன்று அதற்கு மட்டும் சிரித்தார்.

புண்ணாக்கு போடுகிற முறை இது. இரும்புப் பீப்பாய்களில் முதல் நாள் ஊறவைக்க வேண்டும். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கரைத்து, கூடையில் அள்ளி, கரையோரத்திலிருந்து நடுவுக்கு வரிசையாக ஆட்கள் நடந்து தெளிக்க வேண்டும். பின்னாலேயே இன்னும் சிலர் கயிற்றில் கட்டிய முள்மரத்தை இழுத்துத் தண்ணீரைக் கலக்க வேண்டும். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் மீனுக்கும் போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஆழத்தைப் பொறுத்து அளவு. ஆழத்தில் எவ்வளவு குறைத்து எழுதினாலும் புண்ணாக்கை முழுக்கப் போட்டோம். மீத்தால் கேள்வி வரும். தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்தது. அன்றிரவு பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் போய்ப் பார்த்ததைத்தான் முதலில் சொன்னேன்.

எட்டு மணி வாக்கில் உதவி இயக்குநரின் ஜீப் வந்தது. கரையில் நின்ற ஜனத்தைப் பார்த்து, "ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க? எடுத்துச் சாப்பிடுங்க. இந்த மருந்து மீனுக்குத்தான், மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது. கையேட்டுல போட்டிருக்கு" என்றார். அது உண்மைதான். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ஒருவரும் அசையவில்லை. ஒரு கிழவர், "அப்ப அய்யா முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுக் காமிங்க" என்றார்.

"நான்... இன்னிக்கு சஷ்டி."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் உடனே வந்தது: "அமாவாசை போயி மூணு நாளு ஆகலை, அதுக்குள்ள சஷ்டியா?"

"வீட்டு விரதம்மா."

பேச்சியம்மாள் மூன்று கல்லைக் கூட்டி, சட்டி வைத்து, விடியலில் கரையேறிய அந்த விராலையே அறுத்து மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு துண்டை இலையில் வைத்து நேரே உதவி இயக்குநரிடம் நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போனார். நான் வாங்கித் தின்றேன். கசக்கவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. ஆனால் அதற்குள் ஊருக்கு முடிவு வந்துவிட்டது: அதிகாரி தின்னாத மீன் விஷ மீன். கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தோம். வெயில் ஏற ஏற நாற்றம் வாடிப்பட்டி ரோடுவரை போனது. ஆய்வுக் குறிப்பில், "இறந்த மீன்கள் பொதுமக்களால் மகிழ்ச்சியுடன் எடுத்துச் செல்லப்பட்டன" என்று இருந்தது. முதல் நாளே தட்டச்சு ஆனது. யார் என்ன செய்வது?

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயில் கம்பிவலை அடித்தோம். புதுத் தண்ணீரோடு களை மீன் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. குஞ்சுகளை ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவந்து விட்டோம். வலைக்குக் காவலாக உள்ளூர் ஆள் சோணையைத் தினக்கூலிக்கு வைத்தோம்.

அந்தக் கோடை முழுக்கப் பேச்சியம்மாள் அக்கம்பக்கத்து ஊர்க் கண்மாய்களில் அயிரையை விலைக்கு வாங்கி, ஒரு பானையாவது நிரப்பி, மார்க்கெட்டில் தன் இடத்தை விடாமல் வைத்திருந்தாள். மீன் வரத்து பார்க்க நான் அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பேன். என்னைக் கண்டால், "வாங்கய்யா களை மீனு" என்பாள். பக்கத்துக் கடைக்காரிகள் சிரிப்பார்கள். அதுவே எனக்குப் பெயராகிவிட்டது.

மழை வந்ததும் அவளுக்கு ஒரு வழி திறந்தது. வானத்திலிருந்து விழாவிட்டாலும் ஓடைகளிலிருந்து அயிரை வந்தது. வந்து, எங்கள் கம்பிவலையில் முட்டி, வெளிப்பக்கம் குவிந்தது. அவள் அங்கே உட்கார்ந்து துணியால் அரித்து எடுத்தாள். கண்மாய்க்குள் இறங்கவில்லை, வலையைத் தொடவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், துறை செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தாள்.

சோணை அவளுக்கு ஒரு வகையில் தம்பி முறை. தினம் ஒரு கை அயிரை அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகையில் ஒருநாள், அவன் பெண்சாதிக்கும் பேச்சியம்மாளுக்கும் ஏதோ சண்டை, அயிரை போகவில்லை. மறுநாளே சோணை அலுவலகத்துக்கு வந்து, திட்டக் கண்மாயில் மீன் திருட்டு நடக்கிறது என்று சொல்லிவிட்டான்.

உதவி இயக்குநருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சந்தோஷம்தான் வந்தது. "திருட்டு நடந்தாத்தான்யா உள்ள மீன் இருக்குன்னு மேலே நம்புவாங்க. கம்ப்ளெயின்ட் கொடுங்க" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போனபோது பேச்சியம்மாள் சுவரோரம் குத்தவைத்திருந்தாள். பக்கத்தில் பானை. அதற்குள் அயிரை உயிரோடு சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்ன மீனுங்க சார்?"

"அயிரை."

"அதான் பார்த்தாலே தெரியுதே. யாரு மீனு?"

"துறையோட மீன்னு கம்ப்ளெயின்ட்."

"நீங்க வாங்கி விட்ட மீனா?"

"இல்லை. நாங்க விட்டது கட்லா, ரோகு, மிர்கால். இது நாங்க ஒழிச்ச மீன்."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "ஒழிச்சதை எப்படி சார் திருடுவா?"

"அப்படிக் கேளுங்க ஏட்டையா" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ சும்மா இரு தாயி."

உதவி இயக்குநர் வந்து சேர்ந்தார். நாற்காலி போட்டார்கள். ஏட்டு எழுந்து நின்று, "சொத்து மதிப்பு ஒண்ணு போடணுங்களே சார். என்ன போடட்டும்?" என்றார்.

"களை மீனுக்கு வணிக மதிப்பு கிடையாது."

"மதிப்பு கிடையாதுன்னா களவு கேஸ் நிக்காதுங்க. கொளத்துப் பாசியை அள்ளிட்டுப் போனான்னு எழுதின மாதிரி ஆயிரும். மார்க்கெட் வெலையைப் போட்டுறட்டுமா? அயிரை இப்ப நல்ல வெலைதான."

உதவி இயக்குநர் பானையைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. மார்க்கெட் விலையைப் போட்டால், பங்குனியில் குழி வெட்டிப் புதைத்ததற்கும் அதே விலை வந்துவிடும். விலை இல்லை என்றால் திருட்டு இல்லை. ஸ்டேஷனில் அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பானையில் மட்டும் சத்தம்.

பேச்சியம்மாள்தான் பேசினாள். "போடுங்க ஏட்டையா. உழக்கு என்ன வெலைன்னு நான் சொல்றேன். இதுக்குப் போட்டுட்டு, பங்குனியில செத்துக் கெடந்துச்சே, அம்புட்டுக்கும் சேர்த்துப் போடுங்க. நான் திருடுனது ஒரு பானை. இவுக திருடுனது ஒரு கம்மாய்."

"வாயை மூடு" என்றார் ஏட்டு. ஆனால் தலையைக் குனிந்து, மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டுதான் சொன்னார்.

கடைசியில் உதவி இயக்குநர் வழி கண்டுபிடித்தார். மீனைப் பற்றி எழுத வேண்டாம். அரசாங்கக் கம்பிவலையைச் சேதப்படுத்தினாள் என்று எழுதலாம். வலைக்கு மதிப்பு உண்டு. வலை முழுசாக இருந்தது. நான் அதைச் சொன்னேன். "சேதப்படுத்த முயன்றாள்னு போடச் சொல்லுங்க" என்றார். முயன்றாள் என்று போடப்பட்டது. விசாரணை முடியும்வரை தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"காலையிலயா?" பேச்சியம்மாளின் குரல் அப்போதுதான் இறங்கியது. "அய்யா, சாயங்காலம் வாரேன். ராத்திரி வரச் சொன்னாலும் வாரேன். காலையில மார்க்கெட்டுல இல்லைன்னா என் எடம் போயிரும்யா."

ஏட்டு உதவி இயக்குநரைப் பார்த்தார். அவர் எழுந்து, ஷூவைப் பார்த்துக்கொண்டே, "போலீஸ் விஷயத்துல நாங்க தலையிடக் கூடாது" என்றார்.

பானையிலிருந்த அயிரை போலீஸ் இன்ஸ்பெக்டரின் குடியிருப்புக்குப் போனது. பானையை மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள்.

விசாரணை எப்போது முடிந்தது, முடிந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மார்கழியில் ஒரு காலை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பேச்சியம்மாளின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்; வடகரைப் பக்கத்து ஆள். எதிரே பேச்சியம்மாள் இடுப்பில் பானையோடு நின்றாள்.

"எந்திரிடி. இது யாரு எடம்னு கேட்டுப் பாரு."

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? இம்புட்டு நாளு எங்கிட்டுப் போன? எடம் சும்மா கெடந்துச்சு, வச்சேன்."

"சும்மா கெடந்துச்சா? ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன்டி."

"களவாணிக்கெல்லாம் எடம் பிடிச்சு வைக்க முடியுமாக்கும்!"

பானைகள் மோதின. குத்தகைக்காரர் வந்தார்; சுங்கம் வசூலிக்கிறவர். இருவரையும் பார்த்தார். "யாரு உக்காந்திருக்காகளோ அவுக எடம். சந்தைக்கு அதான் சட்டம்" என்று ஒரு சீட்டைக் கிழித்து, உட்கார்ந்திருந்தவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். பக்கத்துக் கடைக்காரிகளில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பல வருடம் பேச்சியம்மாளோடு வெற்றிலை மாற்றிக்கொண்டவர்கள். அவள் என்னைப் பார்த்தாள். அன்று "களை மீனு" என்று கூப்பிடவில்லை.

மாசியில் மாதிரி அறுவடை. சென்னையிலிருந்து இயக்குநர் வந்தார். பந்தல், மாலை, புகைப்படக்காரர். இழுவலையில் கட்லா துள்ளியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. உதவி இயக்குநர் ஒரு மீனைக் கையில் பிடித்து நின்றார். கைக்கும் மீனுக்கும் நடுவில் துண்டு. நான் வேலை பார்த்த அதே தினசரியில், வறண்ட பூமியில் மீன் புரட்சி என்று தலைப்புப் போட்டார்கள். புரட்சி என்ற சொல்லை நான் இருந்த காலத்திலும் அங்கே மலிவாகத்தான் போடுவார்கள்.

மறுநாள் அந்த மீன் மார்க்கெட்டில் கூடை கூடையாக இறங்கியது. விற்கிற பொறுப்பும் எங்களுடையது. பெண்கள் வந்து பார்த்தார்கள்.

"கடல் மீனாய்யா?"

"இல்லம்மா. கண்மாய் மீன்."

"கம்மாயில ஏது இம்புட்டுப் பெரிசு? கெழட்டு மீனால்ல இருக்கும். அயிரை இல்லையா?"

பகல் ஏறியது. ஐஸ் கரைந்தது. மிச்சத்தை அரசு மாணவர் விடுதி ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கே மூன்று நாள் தொடர்ந்து கட்லாக் குழம்பு ஊற்றியதாகவும், மூன்றாம் நாள் பையன்கள் தட்டைத் தட்டியதாகவும் வார்டன் எனக்குச் சொன்னார். திட்டம் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. உதவி இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது.

போகிறதற்கு முன் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார்; அப்படித்தான் அவரே சொன்னார். திட்டத்தால் தொழில் இழந்தவர்களுக்கு வேலை கொடுக்கலாம் என்று மேலிடத்தில் ஒரு வழி இருந்தது. பேச்சியம்மாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வரமாட்டாள் என்று நான் நினைத்தேன். வந்தாள். பானை இரண்டையும் விற்றுவிட்டதாகச் சொன்னாள். "எம்புட்டு நாளைக்குத்தான்யா இன்னொருத்தி எடத்துக்கு எதிர்த்தாப்புல நிக்கிறது?" என்றாள்.

துறையின் மீன்பண்ணையில் அவளுக்குத் தினக்கூலி வேலை. கட்லாக் குஞ்சு விடுவதற்கு முன் நாற்றங்கால் குளத்தில் இறங்கி, உள்ளே கிடக்கும் அயிரையைத் துணியால் அரித்து வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, விற்கக் கூடாது. கரையில் குழி வெட்டிக் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். மூடி முடிக்கும்வரை மேஸ்திரி பக்கத்தில் நிற்பார்.